எங்கே பிரிக்கட்டும் டீச்சர்? ராமநாதபுரத்து பைண்டிங் கடை ஒன்றைப் பற்றி

தேவிபட்டினத்தில் எங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல இடம் இல்லை. ஸ்டேப்ளர் பின் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து, தாளில் பழுப்புக் கறை இறங்கி, கடைசியில் கறை இருந்த இடம் ஓட்டையாகிவிடும். பசை மட்டும் போட்டு ஒட்டியது ஐப்பசி கார்த்திகையில் முதுகு விட்டுப்போய்த் தாள் தாளாகக் கையில் வரும். முப்பத்தொரு வருடம் வரலாறு நடத்தியபோது எழுதிச் சேர்த்த குறிப்புகளில் பாதியை இப்படித்தான் இழந்தேன். மீதிப் பாதியை ஒரு கடையில் கொடுத்து பைண்ட் செய்து வாங்கினேன். பார்க்க அழகாக இருந்தது. அடுத்த தை மாதம் அட்டை தனியாக வந்துவிட்டது, உள்ளே இராமபாணம் ஓடிக்கொண்டிருந்தது. அன்று எனக்கு அழுகையே வந்தது.

அதனால்தான் கேணிக்கரைப் பக்கம் இருக்கும் இந்தச் சின்னக் கடையைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. மரக்கதவில் வெள்ளைப் பெயின்டில் ‘பைண்டிங்’ என்று மட்டும் எழுதியிருக்கும். யாரைக் கேட்டாலும் பைண்டிங் பாய் கடை என்று வழி காட்டுவார்கள். உள்ளே ஒரு திருகு பிரஸ், ஒரு கட்டிங் மெஷின், மரப் பெட்டி நிறைய நூல் கண்டு, அடுப்பில் பசைச் சட்டி. பாய்க்கு எழுபது வயது இருக்கும்.

நான் கொண்டுபோனது 530 தாள். இரண்டு பக்கமும் அச்சடித்தவை. எல்லாம் ஒரே ஒரு ஊரைப் பற்றியது: இங்கிலாந்தில் வில்ட்ஷயர் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி), தேம்ஸ் நதி இன்னும் ஓடையாக இருக்கும் இடத்தில் உள்ள கிரிக்லேடு. 1295-லிருந்து 1918 வரை அந்தப் பெயரில் ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருந்தது. இன்று இல்லை. ஓய்வு பெற்றபின் ஐந்து வருடமாக நான் தேடிச் சேர்த்தது. திருச்சியில் இருக்கும் என் தங்கை மகன் அச்செடுத்துக் கொடுத்தான்.

பாய் கட்டைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். “ஒரே புத்தகமாத் தச்சா விரிக்க முடியாது. மூணாப் போடுவோம். எங்கே பிரிக்கட்டும் டீச்சர்?” என்றார்.

இந்தக் கேள்வியை வேறு எந்த பைண்டரும் என்னிடம் கேட்டதில்லை. மற்ற இடங்களில் தாள்கட்டை நிறுத்தி, கனம் சமமாக வருகிற இடத்தில் பிரித்துவிடுவார்கள். ஒரு வாக்கியம் முதல் புத்தகத்தில் தொடங்கி இரண்டாவதில் முடியும். பாய் அப்படிச் செய்வதில்லை. “எழுதுனவுகளுக்குத்தான் தெரியும், எங்கே மூச்சு விடணும்னு” என்றார்.

நான் யோசிக்காமல் 1832 என்றேன். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் நடத்தினேன். 1832 சீர்திருத்தச் சட்டம், 56 பழைய ஊர்த் தொகுதிகள் ஒழிந்தன, புதுத் தொழில் நகரங்களுக்கு இடம் கிடைத்தது என்று கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன். பாய் 1832 தாளைத் தேடி எடுத்து, அங்கே ஒரு நூலை வைத்தார். அப்புறம், “இங்கே என்ன ஆச்சு?” என்று கேட்டார். சொல்ல வாயைத் திறந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. கிரிக்லேடில் 1832-ல் பெரிதாக எதுவும் ஆகவில்லை. பக்கத்து ஊர் வூட்டன் பாசெட் உறுப்பினர்களை இழந்தது. அதே வில்ட்ஷயரில் ஆளே இல்லாத ஓல்ட் சாரம் ஒழிந்தது. கிரிக்லேடு மட்டும் இரண்டு உறுப்பினர்களையும் வைத்துக்கொண்டது. அதன் கணக்கை ஐம்பது வருடத்துக்கு முன்பே தீர்த்துவிட்டிருந்தார்கள். பிரிக்க வேண்டிய வருடம் 1782.

“அப்ப அந்தக் கதையைச் சொல்லுங்க, தச்சுக்கிட்டே கேக்குறேன்” என்றார். சொன்னேன்.

கதை நம் ஊரிலிருந்துதான் தொடங்குகிறது. 1772-ல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலியின் மகன் படையும், ஜெனரல் ஸ்மித்தின் கம்பெனிப் படையும் சேர்ந்து வந்து ராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தன. சிறுவனாக இருந்த முத்துராமலிங்க சேதுபதியைத் தாயோடு திருச்சிக்குக் கொண்டுபோய்ச் சிறை வைத்தார்கள். அதே வருடம் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார், வேலுநாச்சியார் ஊரைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. இதெல்லாம் இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். நவாப் எதற்காக இத்தனை சீமைகளின் மேல் பாய்ந்தார் என்பதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. அவருக்குத் தலைக்கு மேல் கடன். கொடுத்தவர்கள் கம்பெனியின் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள். வட்டிக்கு ஈடாகத் தஞ்சாவூர்ச் சீமையின் வரியையும் விளைச்சலையும் அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

அந்தக் கடன்காரர்களில் பெரியவர் பால் பென்ஃபீல்டு. கம்பெனியில் அவர் உத்தியோகம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் 1776-ல் தஞ்சாவூர் அதன் மன்னருக்கே திரும்பப் போனபோது, தனக்கு 2,30,000 பவுனுக்கு மேல் வரவேண்டும் என்று உரிமை கோரினார். அதை ஒட்டிய தகராறில் மதராஸ் கவர்னர் பிகட் பிரபுவை அவருடைய சபைக்காரர்களே கைது செய்தார்கள். அடுத்த வருடம் அவர் காவலிலேயே இறந்தார். இன்னொருவர் ஜான் மேக்பர்சன். கப்பல் உத்தியோகஸ்தராக மதராஸ் வந்து, நவாப்பைச் சந்தித்து, அவருக்காக லண்டனில் வாதாடப் போனவர். 1779-ல் கிரிக்லேடின் உறுப்பினரானார். 1780 பொதுத் தேர்தலில் கிரிக்லேடின் இரண்டு இடத்துக்கும் இந்த இருவர்தான் வந்தார்கள்.

பாய் ஊசியை நிறுத்திவிட்டு, “ரெண்டு பேருமே நம்ம பக்கத்துல சம்பாதிச்சவுகளா?” என்றார். ஆமாம், இரண்டு பேருமே. பென்ஃபீல்டு தேர்தல் முடிந்த கொஞ்ச நாளிலேயே மறுபடி மதராஸுக்குக் கப்பல் ஏறிவிட்டார். கிரிக்லேடின் உறுப்பினர் கடற்கரைக் கோட்டையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தன்னையும் சேர்த்து எட்டுப் பேரை அந்த நாடாளுமன்றத்தில் உட்காரவைத்தார் என்று நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க், 1785 பிப்ரவரி 28-ல் நவாப்பின் கடன்களைப் பற்றிப் பேசியபோது குற்றம் சாட்டினார்.

கிரிக்லேடில் கைமாறிய காசில் எது தஞ்சாவூர் நெல், எது சேதுபதி சீமைக் கப்பம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1780-ல் அங்கே ஓட்டுப் போட்ட நாளில் நம் கோட்டை நவாப் கையில் இருந்தது, சிறுவனாகப் போன சேதுபதி இன்னும் திருச்சிச் சிறையில் இருந்தார். 1781-ல்தான் விடுவித்து மறுபடி அமர்த்தினார்கள். கடையிலிருந்து நடந்தால் அரண்மனை. அங்கே ராமலிங்க விலாசத்தின் சுவர் ஓவியங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போதெல்லாம் கிரிக்லேடை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

1780-ல் தோற்ற வேட்பாளர் சாமுவேல் பெட்ரி சும்மா இருக்கவில்லை. ஓட்டுக்குப் பணம் கொடுத்தார்கள் என்று மனுப் போட்டார், வழக்கும் போட்டார். விசாரித்த குழு லஞ்சம் ஊரெங்கும் இருப்பதைக் கண்டது. தொகுதியையே ஒழித்திருக்கலாம். அவர்கள் செய்தது வேறு. 1782-ல் ஒரு சட்டம் போட்டு, கிரிக்லேடு ஊர்க்காரர்களோடு சுற்றியுள்ள ஹைவொர்த், கிரிக்லேடு, ஸ்டேப்பிள், கிங்ஸ்பிரிட்ஜ், மாம்ஸ்பரி வட்டாரங்களில் வருடம் 40 ஷில்லிங் பெறுமான சொந்த நிலம் வைத்திருந்தவர்களுக்கும் ஓட்டுக் கொடுத்தார்கள். அந்த வட்டாரங்களை நம் பிர்க்கா மாதிரி என்று பாய்க்குச் சொன்னேன். கூட்டத்தைப் பெரிதாக்கினால் விலைக்கு வாங்குவது கஷ்டமாகும் என்பது கணக்கு. சசெக்ஸ் கடற்கரையில் நியூ ஷோரம் என்ற ஊருக்கு 1771-லேயே இதே மருந்தைக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். 40 ஷில்லிங் நிலம் என்பது அங்கே கவுண்டித் தொகுதிகளின் வழக்கமான தகுதி. ஆக, கிரிக்லேடு பெயருக்கு ஊர்த் தொகுதி, நடப்பில் 1782-லிருந்தே பாதி கவுண்டித் தொகுதி.

பாய் 1832-ல் வைத்திருந்த நூலை எடுத்து 1782-ல் வைத்தார். முதல் தொகுதி 180 தாளில் முடிந்தது. பிரித்த இடம் அவ்வளவு சரி. முதல் தொகுதியின் கடைசித் தாளில் மனு, இரண்டாவதின் முதல் தாளில் சட்டம்.

சரி, தையலுக்கு வருகிறேன். மடித்த ஃபாரங்களாக இருந்தால் நடுவில் தைக்கலாம். நாம் கொடுப்பது தனித்தனி ஏ4 தாள், அதனால் பக்கத் தையல்தான். பாய் மொத்தமாகத் துளை போடாமல் பத்துப் பத்துத் தாளாகக் குத்தூசியால் குத்தித் தைத்து, அப்புறம் அந்தக் கட்டுகளை ஒன்றோடொன்று கோக்கிறார். நேரம் பிடிக்கும். ஆனால் புத்தகம் மேசையில் ஓரளவு படிந்து விரிகிறது. நூல் பருத்தி நூல், மெழுகில் இழுத்தது. எங்கள் ஊரில் வலை தைக்கும் நைலான் இழை அறாதே என்று ஒரு கண்டு கொண்டுபோனேன். வாங்க மறுத்துவிட்டார். நைலான் தாளை அறுத்துவிடுமாம். அவர் சொன்னது சரிதான், நானே வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பசை மைதாவில் காய்ச்சியது, அதில் மயில்துத்தம் சேர்க்கிறார். பூச்சி வராமல் இருப்பது அதனால்தான். பின் கிடையாது, கம்பி கிடையாது. துருப்பிடிக்க இரும்பே இல்லாத புத்தகம். முதுகுக்குக் காலிக்கோ துணி, அட்டைக்கு மேல் அடர்பச்சை ரெக்சின். போன வாடைக் காலம் முழுக்க என் அலமாரியில் இருந்தது. அட்டை வளையவில்லை, ஒரு தாள் அசையவில்லை.

இரண்டாம் தொகுதிதான் பெரியது, 270 தாள். 1782-லிருந்து 1885 வரை. இதைத் தைத்த இரண்டு நாளும் நான் பஸ் பிடித்துப் போய் உட்கார்ந்திருந்தேன். பாய்க்குப் பிடித்தது டேனியல் கூச் வரும் பகுதி. பாயின் தகப்பனார் மண்டபத்தில் ரயில்வேயில் வேலை பார்த்தவர், அந்தப் பாசம். கிரிக்லேடின் எல்லைக்குள் ஸ்விண்டன் என்று ஒரு சின்ன ஊர் இருந்தது. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன் என்ஜின் பட்டறைக்கு அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னவர் கூச். அப்போது அவருக்கு வயது இருபத்துச் சொச்சம். 1843-ல் பட்டறை ஓடத் தொடங்கியது. பிற்பாடு அதே கம்பெனிக்குத் தலைவரானார். கிரேட் ஈஸ்டர்ன் கப்பலில் போய் அட்லாண்டிக் கடலடியில் தந்திக் கம்பி போட்டது 1866-ல். 1865-லிருந்து 1885 வரை இருபது வருடம் கிரிக்லேடின் உறுப்பினர். அந்த இருபது வருடத்தில் அவர் சபையில் ஒரு விவாதத்திலும் பேசியதில்லை. தானே நாட்குறிப்பில் அப்படி எழுதி வைத்திருக்கிறார், அதில் அவருக்குத் திருப்தியும் இருந்தது.

எனக்கு இதில் திருப்தி இல்லை. கப்பல் கப்பலாகக் கம்பி இறக்கி இரண்டு கண்டங்களைப் பேச வைத்த மனிதர், தன்னை அனுப்பிய பட்டறைத் தொழிலாளர்களுக்காக ஒரு வாய் பேசியிருக்கலாம். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. “வேலை செய்யிறவன் பேச மாட்டான் டீச்சர்” என்றார். அவர் சொன்னதையும் இங்கே எழுதிவிடுகிறேன், அவர் கடை அல்லவா.

அந்த இரண்டாம் புத்தகத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 1872 வரை அங்கே ரகசிய ஓட்டு இல்லை. எல்லார் முன்னாலும் வாயைத் திறந்து பெயர் சொல்ல வேண்டும். யார் யாருக்குப் போட்டார் என்று ஆள் பெயரோடு அச்சடித்துப் புத்தகமாகப் போட்டு விற்றார்கள். வாக்குச்சாவடியில் தலைமை அலுவலராக உட்கார்ந்து, அட்டைத் தடுப்பு கொஞ்சம் சாய்ந்தாலும் எழுந்து போய் நிமிர்த்திவைத்த எனக்கு இதை முதலில் படித்தபோது உடம்பு கூசியது. நிலச்சுவான்தார் பார்த்துக்கொண்டிருக்க, குத்தகைக்காரன் எப்படி வேறு பெயர் சொல்வான்?

1885-ல் கிரிக்லேடு முழுக் கவுண்டித் தொகுதி ஆனது. இரண்டு உறுப்பினர் ஒன்றானது. அதன் முதல் உறுப்பினர் நெவில் ஸ்டோரி மாஸ்கலின். 1880-லிருந்தே பழைய தொகுதியின் உறுப்பினர், ஆக்ஸ்ஃபோர்டில் கனிமவியல் பேராசிரியர். இவருடைய தாய்வழிப் பாட்டனார் நெவில் மாஸ்கலின் பெயர் பெற்ற வானியலாளர். அந்தப் பாட்டனாரின் தங்கை மார்கரெட்தான் 1753-ல் மதராஸ் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்தில் ராபர்ட் கிளைவை மணந்தவர். அந்தக் குடும்பத்தின் ஊர் கிரிக்லேடுக்குப் பக்கத்தில் உள்ள பர்ட்டன். நவாப் முகமது அலிக்காக ஆர்க்காட்டைப் பிடித்தவர் கிளைவ். இந்த முடிச்சைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 1892-ல் ஹஸ்பண்ட், 1895-ல் ஹாப்கின்சன், அவர் மான்செஸ்டரில் கல்லூரி முதல்வராகப் போனதால் 1898 இடைத்தேர்தலில் ஃபிட்ஸ்மாரிஸ் பிரபு, 1906-ல் மாஸி. 1910-ல் இரண்டு தேர்தல். ஜனவரியில் கேலி ஜெயித்தார், டிசம்பரில் அவரைத் தோற்கடித்து லாம்பர்ட் வந்தார். அவரே கடைசி. 1918-ல் தொகுதியின் பெயரே போய் ஸ்விண்டன் ஆனது. பட்டறை ஊர் தாய் ஊரைவிடப் பெரிதாகிவிட்டது. மூன்றாம் புத்தகம் 80 தாள்தான்.

இப்போது குறைகள். மூன்றாம் தொகுதியில் ஒரு தாள் தலைகீழாகத் தைக்கப்பட்டிருக்கிறது. பாயிடம் காட்டினேன். வருத்தப்பட்டு, பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன். தங்க எழுத்துப் போட அவரிடம் ஆங்கில அச்சு மட்டும்தான் இருக்கிறது. தமிழில் வேண்டும் என்றால் வெள்ளைத் தாளில் கையால் எழுதி ஒட்டித் தருவார். கையெழுத்து நன்றாக இருக்கும், ஆனால் ரெக்சின் மேல் ஒட்டிய தாள் ஓரம் தூக்குகிறது. நாலு நாள் என்று சொன்னது பதினோரு நாள் ஆனது. மழைக்காலத்தில் பசை காய்வதில்லை, அவரைக் குறை சொல்ல முடியாது. அவசரம் என்றால் மாசி பங்குனியில் கொடுங்கள்.

அச்செடுக்கும்போது இடது பக்கம் ஒரு அங்குலம் விட்டு எடுங்கள். பக்கத் தையலில் அது போய்விடும். நான் முதல் நாற்பது தாளில் விடவில்லை, எழுத்து தையலுக்குள் போய்விட்டது. மூன்று தொகுதிக்கும் சேர்த்து 920 ரூபாய் வாங்கினார், பாதி முன்பணம். வெள்ளிக்கிழமை மதியம் கடை பூட்டியிருக்கும். ஸ்பைரல், லேமினேஷன் எல்லாம் அங்கே கேட்காதீர்கள்.

வாங்கப் போன அன்று பாய் ஒன்று கேட்டார். நான் தேர்தல் பணிக்குப் போன கதைகளை அதற்குள் நிறையக் கேட்டிருந்தார். தங்கச்சிமடத்தில் முதல் தடவை போனபோது, மீன் ஏலத்துக்குப் போகும் முன்னே ஓட்டுப் போட்டுவிட வேண்டும் என்று காலை ஏழு மணிக்கு முன்பே கூடையோடு வரிசையில் நின்ற பெண்களைப் பற்றியும் சொல்லியிருந்தேன். “இதுல பொம்பளைக ஓட்டு எத்தனாவது புத்தகத்துல வருது?” என்றார்.

எதிலும் வரவில்லை. 30 வயது கடந்த பெண்களுக்கு, அதிலும் எல்லாருக்கும் இல்லை, 1918 சட்டம்தான் ஓட்டுக் கொடுத்தது. அந்த டிசம்பரில் அவர்கள் போட்டபோது தொகுதி ஸ்விண்டன் ஆகிவிட்டது. 1295-லிருந்து 623 வருடம். கிரிக்லேடு என்ற தொகுதியில் ஒரு பெண்ணும் ஓட்டுப் போட்டதில்லை. மதராஸ் மாகாணத்திலேயே 1921-ல் பெண்களுக்கு ஓட்டுரிமைக்கு வழி செய்துவிட்டார்கள்.

பாய் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் தொகுதியைப் புரட்டிக் கடைசியைக் காட்டினார். இருபது வெள்ளைத் தாள் சேர்த்துத் தைத்திருந்தார். ஒல்லியான புத்தகம் அலமாரியில் சாயும் என்பதற்காகச் சேர்த்தாராம், காசு வாங்கவில்லை. அந்தத் தாள்களில் தங்கச்சிமடம், மண்டபம், திருப்பாலைக்குடி வாக்குச்சாவடிகளில் நான் பார்த்த வரிசைகளை எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினொரு தாள் ஆகியிருக்கிறது.